சந்தை நாளைக் கணக்கு வைத்து மொரீஷியஸ்: ஊர்கள், சந்தைகள், தோட்டங்கள் வழியே ஒரு வாரம்

மொரீஷியஸ் என்றதும் நம் ஊரில் கண்முன் வருவது தேனிலவுப் பேக்கேஜ்தான். விமான நிலையத்தில் வண்டி காத்திருக்கும், கடற்கரை விடுதியில் இறக்கிவிடும், ஏழாம் நாள் திரும்பக் கொண்டுவந்து விடும். இடையில் பார்த்தது நீலத் தண்ணீரும் பஃபே சாப்பாடும். அது வேண்டுமென்றால் இந்த வழிகாட்டி தேவையில்லை. கரையை விட்டு உள்ளே போய், கரும்புக் காடுகளுக்கு நடுவில் இருக்கும் ஊர்களையும், வாரச் சந்தைகளையும், தேயிலை, வெனிலாத் தோட்டங்களையும் பேருந்திலேயே பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தீவு சிறியது. நீளம் சுமார் 65 கிலோமீட்டர், அகலம் 45. எந்த ஊரில் தங்கினாலும் மற்ற ஊருக்குப் போய் இரவுக்குள் திரும்பிவிடலாம். அதனால் இடத்தை வைத்துத் திட்டம் போட வேண்டியதில்லை, கிழமையை வைத்துப் போடுங்கள். சந்தை இல்லாத நாளில் மஹேபூருக்குப் போனால் அது தூங்கி வழியும் ஒரு கடலோர ஊர். திங்கள்கிழமை காலையில் போனால் நிற்க இடம் இருக்காது.

முதல் வேலை: கிழமைகளை எழுதிக்கொள்ளுங்கள்

விமானச் சீட்டு போடுவதற்கு முன்பே ஒரு தாளில் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

- திங்கள்: மஹேபூர்
- புதன், சனி: கியூர்பீப்
- வியாழன், ஞாயிறு: கத்ர் போர்னில் துணிச் சந்தை (காய்கறிக்குப் புதனும் சனியும்)
- புதன், ஞாயிறு: சாந்த்ர் த ஃபிளாக், சுருக்கமாக ஃபிளாக்
- தலைநகர் போர்ட் லூயிஸின் மத்தியச் சந்தை தினமும் உண்டு, ஞாயிறு மட்டும் அரை நாள்

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கியூர்பீப், ரோஸ் ஹில், கத்ர் போர்ன் போன்ற மேட்டு நில ஊர்களில் வியாழன் மதியத்துக்கு மேல் கடைகளை மூடுவது பழைய வழக்கம். போர்ட் லூயிஸில் சனி மதியத்தோடு கடைத்தெரு அடங்கிவிடும். மாலையில் ஆற அமரக் கடை பார்க்கலாம் என்ற நம் ஊர்ப் பழக்கம் இங்கே எடுபடாது. ஆறு மணிக்கெல்லாம் ஊர் வீட்டுக்குள் போய்விடும்.

ஞாயிறு வந்து இறங்கினால் மேலே உள்ள வரிசை அப்படியே பொருந்தும். கீழே உள்ள திட்டமும் அந்தக் கணக்கில்தான்.

எந்த மாதம் போகலாம்

பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் பருவம் தலைகீழ். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெயிலும் மழையும், மே முதல் அக்டோபர் வரை குளிர்ச்சி. புயல் பயம் முக்கியமாக ஜனவரி முதல் மார்ச் வரை. புயல் எச்சரிக்கையை ஒன்று முதல் நான்கு வரை எண் போட்டு அறிவிப்பார்கள். மூன்று வந்துவிட்டால் பேருந்து ஓடாது, கடை திறக்காது, விடுதி அறையை விட்டு வெளியே வர முடியாது.

கரும்பு வெட்டு ஜூன் கடைசியில் தொடங்கி டிசம்பர் வரை நடக்கும். வெட்டையும் பார்க்க வேண்டும், தேயிலைத் தோட்டத்தில் பச்சையும் வேண்டும் என்றால் அக்டோபர், நவம்பர்தான் சரி. நவம்பர் கடைசியில் லிச்சிப் பழமும் வந்துவிடும். தைப்பூசம் பார்க்க ஆசையென்றால் ஜனவரி அல்லது பிப்ரவரி. இங்கே அதைக் காவடி என்றே சொல்கிறார்கள், நாடு முழுவதற்கும் அரசு விடுமுறை. புயல் ஆபத்தைத் தெரிந்துகொண்டு போங்கள்.

காகிதம், பணம்

இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் சுற்றுலாவுக்கு முன்கூட்டி விசா வாங்க வேண்டியதில்லை. திரும்பும் சீட்டு, தங்குமிடப் பதிவு இரண்டையும் அச்செடுத்து வைத்திருங்கள், குடிநுழைவில் கேட்பார்கள். பயணப் படிவத்தை இணையத்தில் முன்பே நிரப்பிவிடுவது நல்லது. இந்தியாவில் மும்பை, தில்லியிலிருந்து நேரடி விமானம் உண்டு. சென்னையிலிருந்து எப்போது இருக்கிறது என்பதைப் பயண நாளை வைத்துப் பாருங்கள். நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால்.

பையில் காய், பழம், விதை, செடி எதுவும் எடுத்துப் போகாதீர்கள். அம்மா கட்டிக்கொடுத்த கறிவேப்பிலைக் கட்டும் அதில் அடக்கம். மின்சிகரெட்டுக்கும் தடை.

அங்கேயும் ரூபாய்தான். ஒரு மொரீஷியஸ் ரூபாய்க்கு நம் பணம் இரண்டு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக வரும். நோட்டைத் திருப்பிப் பாருங்கள், தமிழில் எழுதியிருக்கும். 1998இல் புது நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளி அச்சடித்ததால் தமிழர்கள் எதிர்ப்புத் தெரிவிக்க, அரசு அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றுப் பழைய வரிசையிலேயே மறுபடி அச்சடித்தது. நூறு ரூபாய் நோட்டில் இருப்பவர் தமிழ் வம்சாவளி வழக்கறிஞரும் அரசியல்வாதியுமான ரங்கநாதன் சீனிவாசன். யுபிஐ 2024 பிப்ரவரியிலேயே இங்கே அறிமுகமானது. ஆனால் சந்தையில் அதை நம்பிப் போகாதீர்கள். சில்லறையாக ரொக்கம் வேண்டும், அதுவும் சின்ன நோட்டுகளாக.

இரண்டே இடத்தில் தங்குங்கள், பேருந்தில் போங்கள்

முதல் மூன்று இரவு மஹேபூர். விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் வந்த களைப்போடு தீவைக் குறுக்கே கடக்க வேண்டாம். மீதி நாட்கள் கத்ர் போர்ன் அல்லது ரோஸ் ஹில். இரண்டும் மெட்ரோ வழியில் இருக்கின்றன. கடற்கரை ஊர்களை விட அறை வாடகை குறைவு, இரவில் காற்றும் குளிர்ச்சி.

போர்ட் லூயிஸையும் கியூர்பீப்பையும் இணைக்கும் மெட்ரோ எக்ஸ்பிரஸ் இந்தியாவின் நிதியுதவியோடு எல் அண்ட் டி கட்டியது. முதல் பகுதி 2019 அக்டோபரில் திறந்தது, 2022இல் கியூர்பீப்பைத் தொட்டது. மற்ற இடங்களுக்குப் பேருந்து. நடத்துநர் வந்து சீட்டுக் கொடுப்பார், சீட்டைக் கடைசிவரை வைத்திருங்கள். மாணவர்களுக்கும் முதியவர்களுக்கும் 2005இலிருந்து இலவசம் என்பதால் காலை எட்டுக்கு முன்னும் மதியம் இரண்டரைக்கு மேலும் வண்டி நிரம்பி வழியும். கிராமப் பக்கம் மாலை ஆறு, ஆறரைக்குள் கடைசி வண்டி போய்விடும்.

போர்ட் லூயிஸில் இரண்டு பேருந்து நிலையங்கள் உண்டு. தெற்குக்கும் மேட்டு நிலத்துக்கும் விக்டோரியா, வடக்குக்கு இமிக்ரேஷன் ஸ்கொயர். இதை மாற்றிப் போனால் வெயிலில் நகரத்தைக் குறுக்கே நடக்க வேண்டிவரும். டாக்சியில் மீட்டர் போட மாட்டார்கள். ஏறும் முன் விலையைப் பேசி முடியுங்கள், காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து.

ஆங்கிலம் எல்லா இடத்திலும் புரியும். ஆனாலும் ஊர் மக்கள் பேசும், பிரெஞ்சிலிருந்து பிறந்த மொழியான கிரியோலில் இரண்டு வார்த்தை சொன்னால் சந்தையில் முகம் மலரும். வணக்கத்துக்கு "போன்ஸூர்", இது எவ்வளவு என்பதற்கு "கொம்யே சா?", நன்றிக்கு "மெர்சி". சைவர்கள் "மோ பா மான்ஸ் லாவியான்" என்பதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், நான் இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று பொருள். மீனைத் தனியாகச் சொல்ல வேண்டும், "பா மான்ஸ் புவாசோன்".

தமிழில் பேசினால் பதில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெயர் முத்துசாமியாகவோ வீரப்பனாகவோ இருக்கும், வீட்டு மொழி கிரியோல். கோயிலில் மட்டும் தமிழ் காதில் விழும்.

ஞாயிறு, திங்கள்: மஹேபூர்

வந்து இறங்கும்போதே சாலையோரக் கரும்பு வயல்களில் கருங்கல் குவியல்களைக் கவனியுங்கள். எரிமலைத் தீவு என்பதால் மண் முழுக்கப் பாறை. ஒவ்வொரு கல்லையும் கையால் பொறுக்கி ஒதுக்கித்தான் இந்த வயல்களை உண்டாக்கினார்கள். விமான நிலையம் இருக்கும் பிளேன் மாக்னியன் பக்கம் சில குவியல்கள் பிரமிடு மாதிரி அடுக்கடுக்காக நிற்கும்.

திங்கள் காலை ஏழு, ஏழரைக்குச் சந்தைக்குள் இருங்கள். கடலோரம் நீளும் கடைகளில் ஒரு பக்கம் துணி, பாத்திரம், இன்னொரு பக்கம் காய். நம் காய்களே நிறைய இருக்கும். முருங்கைக்கீரை வேண்டுமென்றால் "பிரெட் முரும்", பீர்க்கங்காய்க்கு "பிப்பங்காய்", கறிவேப்பிலைக்கு "கரிபுலே" என்று கேளுங்கள். பலகையில் எழுதியிருக்கும் விலை பெரும்பாலும் கிலோவுக்கு இல்லை, "லீவ்ர்" என்ற அரைக் கிலோவுக்கோ அதிலும் பாதிக்கோ. கேட்டுவிட்டு எடுங்கள். காயில் பேரம் பேசுவது வழக்கமில்லை, துணியில் பேசலாம்.

சந்தையில் காலைச் சாப்பாடு "காத்தோ பிமான்". பார்த்தாலே புரியும், நம் பருப்பு வடையின் குட்டித் தம்பி. அதை வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுவது இந்த ஊர் வழக்கம், சூடாக இருக்கும்போதே கேட்டு வாங்குங்கள். அப்புறம் சின்ன அன்னாசியை அழகாகச் சீவி மிளகாய், உப்பு, புளி தடவிக் கொடுப்பார்கள். விக்டோரியா என்ற அந்த அன்னாசி இனம் அளவில் கைக்கு அடக்கம், இனிப்போ ஏராளம்.

மதியத்துக்கு முன் ஆற்றைத் தாண்டி வில் நுவார் பகுதிக்குப் போங்கள். ரோல்ட் குடும்பத்தின் மரவள்ளி பிஸ்கட் ஆலை 1870இலிருந்து அங்கே இருக்கிறது. மரவள்ளிக்கிழங்கு மாவைச் சூடான தகட்டில் சதுரம் சதுரமாகக் கையால் வார்த்துச் சுடுகிறார்கள், அடுப்புக்கு எரிபொருள் கரும்புத் தோகை. தீவில் நான் பார்த்த 'சுற்றிப் பார்க்கும் இடங்களில்' காசுக்கு மிஞ்சிய இடம் இதுதான்.

மாலையில் கடலோரம் நடக்கலாம். 1810 ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயக் கப்பற்படையைத் தோற்கடித்தது இந்த விரிகுடாவில். பாரிஸ் வெற்றி வளைவில் பொறித்த ஒரே கடற்போர் வெற்றி இது. அதே ஆண்டு டிசம்பரில் தீவே ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது என்பது வேறு கதை. 2020இல் வாகாஷியோ கப்பல் தரைதட்டி எண்ணெய் கசிந்ததும் இந்தப் பக்கம்தான். அரசுக்குக் காத்திராமல் ஊர் மக்களே துணிப் பைகளில் கரும்புத் தோகையைத் திணித்து, மிதவை கட்டிக் கடலில் போட்டு எண்ணெயை மறித்தார்கள்.

செவ்வாய்: தேயிலை, வெனிலா

இந்த ஒரு நாளைக்கு டாக்சி எடுத்துவிடுங்கள். பேருந்தில் போக முடியும், ஆனால் பாதி நாள் நிறுத்தத்திலேயே கழியும். வரிசை முக்கியம்: காலையில் புவா ஷெரி, அடுத்து கங்கா தலாவ், மதியம் செயின்ட் ஓபான்.

புவா ஷெரி 1892இல் தொடங்கிய தேயிலைத் தோட்டம். ஆலை காலையில்தான் ஓடும். பத்து மணிக்கெல்லாம் போய்விட்டால் இலை வாடுவது, உருட்டுவது, புளிப்பது, உலர்வது எல்லாவற்றையும் வரிசையாகப் பார்க்கலாம். குளிர் மாதங்களில் கொழுந்து குறைவு, ஆலை எல்லா நாளும் ஓடாது, முன்பே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். ஊட்டி, வால்பாறை பார்த்தவர்களுக்குத் தோட்டம் பெரிதாகத் தோன்றாது. ஏரியைப் பார்த்த மேட்டு வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு தேநீராகச் சுவைப்பதற்காகப் போகலாம். இந்த ஊர் வீடுகளில் குடிப்பது வெனிலா வாசனைத் தேநீர், பால் சேர்த்து. முதல் மடக்கு ஐஸ்கிரீம் வாசனையாக இருக்கிறதே என்று தோன்றும், மூன்றாம் நாள் நீங்களே கேட்பீர்கள்.

கங்கா தலாவ் பக்கத்திலேயே இருக்கிறது. எரிமலை வாயில் தேங்கிய ஏரி, கரையில் 108 அடிச் சிவன் சிலை. மகா சிவராத்திரிக்கு லட்சக்கணக்கானோர் நடந்து வருவார்கள், அந்த வாரத்தில் மட்டும் டாக்சித் திட்டத்தைத் தள்ளிப் போடுங்கள்.

செயின்ட் ஓபானில் 1819இல் கட்டிய தோட்டத்துரை வீடு, வெனிலாக் கொட்டகை, ஆந்தூரியம் பூ, ரம் வடிப்பாலை எல்லாம் ஒரே வளாகத்தில். வெனிலா ஏன் அந்த விலை விற்கிறது என்பது இங்கே புரியும். மெக்சிகோவை விட்டு வெளியே வந்த கொடி பூத்தது, காய்க்கவில்லை. ஒவ்வொரு பூவுக்கும் கையால் மகரந்தம் சேர்க்கும் எளிய வழியை 1841இல் கண்டுபிடித்தது பக்கத்துத் தீவான ரியூனியனில் அடிமையாக இருந்த எட்மோன் அல்பியுஸ், வயது 12. இன்றும் அதே முறைதான். காய் முற்ற ஒன்பது மாதம், பிறகு பதப்படுத்த இன்னும் பல மாதம்.

புதன்: கியூர்பீப்

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மஹேபூரிலிருந்து கியூர்பீப் பேருந்தில் ஏறுங்கள். ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயரம், எப்போது வேண்டுமானாலும் தூறும், குடை வேண்டும். சந்தை காய்கறிக்காரர்களுடையது, சுற்றுலாக்காரர் குறைவு. அங்கிருந்து த்ரூ ஓ சேர்ஃப் எரிமலை வாய் நடக்கும் தூரம்தான். மேகம் இறங்குவதற்குள், அதாவது காலையிலேயே, ஏறிவிடுங்கள். மதியம் மெட்ரோ பிடித்துக் கத்ர் போர்ன்.

வியாழன்: கத்ர் போர்ன்

துணிச் சந்தையில் ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய உடைகள் குவியும். தையலைப் புரட்டிப் பாருங்கள், பட்டனை எண்ணுங்கள். திருப்பூர்க்காரர்கள் ஒரு பார்வையிலேயே தரம் சொல்லிவிடுவார்கள். பதினொரு மணிக்கு மேல் கூட்டமும் வெயிலும் தாங்காது.

மாலையில் கோர் த கார்த் மலைச்சரிவில் இருக்கும் சிவசுப்பிரமணியர் திருக்கோயிலுக்குப் போகலாம், படியேறிப் பார்த்தால் ஊர் முழுக்கக் கீழே தெரியும். தைப்பூசத்தன்று இங்கே காவடி கூட்டம் தாங்காது. விரதம் முடிந்ததும் வாழையிலையில் "செத் காரி", ஏழு கறிச் சாப்பாடு போடுவார்கள். "ரஸோன்" என்று ஒன்றை ஊற்றுவார்கள், வாயில் வைத்ததும் தெரிந்துவிடும். திருவிழா இல்லாத நாளிலும் சில உணவகங்களில் ஏழு கறி கிடைக்கும்.

வெள்ளி: போர்ட் லூயிஸ்

முழு நாள் கொடுங்கள். முதலில் சந்தை, ஒன்பதுக்குள். இரும்பு வாயிலில் விக்டோரியா ராணியின் எழுத்துகளைப் பார்க்கலாம். கீழ்த்தளத்தில் காய்கறிகளை அடுக்கியிருக்கும் அழகுக்கே போகலாம். மாடியில் கைவினைப் பொருள், மசாலா, டோடோ பறவை பொம்மை. மாடிக்குப் போனதும் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடுவார்கள், சொல்லும் விலையில் பாதியில் தொடங்குங்கள். எதையும் வாங்கும் எண்ணம் இல்லையென்றால் மாடியை விட்டுவிட்டு மூலிகைக் கடைப் பக்கம் போங்கள். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு பொட்டலம் கட்டி எழுதி வைத்திருப்பார்கள். வேடிக்கை பார்க்கலாம், மருத்துவத்துக்கு நம்ப வேண்டாம்.

சந்தைக்குள் "அலூடா" குடிக்காமல் வரக்கூடாது. பால், சப்ஜா விதை, கடற்பாசி, வெனிலா, மேலே ஐஸ். மதிய உணவு "தால் பூரி". வேகவைத்த பருப்பை மாவுக்குள் வைத்துத் தேய்த்து மெல்லிசாகச் சுட்டு, இரண்டு இரண்டாக, மொச்சைக் கறியும் தக்காளிக் கூட்டும் துவையலும் வைத்துச் சுருட்டித் தருவார்கள். வரிசை நீளமாக நிற்கும் கடை எதுவோ அதில் நில்லுங்கள். "மீன் ஃப்ரிட்" என்ற பெயரைக் கேட்டு மீன் என்று நினைக்க வேண்டாம், வறுத்த நூடுல்ஸ் அது. ஆனால் சிப்பிச் சாறு கலந்திருக்கும், சைவர்கள் தவிர்க்கலாம்.

அப்புறம் துறைமுகப் பக்கம் ஆப்ரவாசி காட். அடிமை முறை ஒழிந்த காலத்தில், 1834 முதல், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து சுமார் நாலரை லட்சம் பேர் வந்திறங்கினார்கள். அவர்களைப் பதிவு செய்து தோட்டத்துக்கு அனுப்பிய கிடங்கின் எஞ்சிய பகுதி இது, 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. படகிலிருந்து ஏறிவந்த 16 கல் படிகள் அப்படியே இருக்கின்றன. பக்கத்து விளக்க மையத்தை முதலில் பார்த்துவிட்டுப் படிகளுக்குப் போங்கள், இல்லாவிட்டால் வெறும் கற்சுவராகத்தான் தெரியும். ஞாயிறு மூடியிருக்கும். தமிழர்கள் அதற்கும் நூறாண்டு முன்பே வந்தவர்கள். பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொன்னே காலத்தில், 1730களில், புதுச்சேரியிலிருந்து கொத்தர்களையும் தச்சர்களையும் கொண்டுவந்துதான் இந்த நகரத்தைக் கட்டினார்கள்.

நேரம் மிஞ்சினால் சைனாடவுன், இல்லையென்றால் ப்ளூ பென்னி அருங்காட்சியகம். 1847இன் இரண்டு புகழ்பெற்ற அஞ்சல் தலைகள் அங்கே இருக்கின்றன. ஒளி பட்டு மங்காமல் இருக்க அசல் அஞ்சல் தலைகளுக்குக் கொஞ்ச நேரம்தான் விளக்குப் போடுவார்கள், உள்ளே போனதும் அந்த நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சனி: கரும்பு

இமிக்ரேஷன் ஸ்கொயரிலிருந்து பாம்பிளமூஸ் பேருந்து. முதலில் தாவரப் பூங்கா. அதே லா பூர்தொன்னேயின் காய்கறித் தோட்டமாகத் தொடங்கியதை, பிரெஞ்சு நிர்வாகி பியேர் புவாவ்ர் 1770 வாக்கில் வாசனைப் பயிர்த் தோட்டமாக மாற்றினார். கிராம்பும் ஜாதிக்காயும் டச்சுக்காரர்களின் தனி உடைமையாக இருந்த காலத்தில் கன்றுகளைக் கடத்திவரச் செய்தவர் அவர். தட்டு மாதிரி இலை விரித்த பெரிய அல்லிகள் குளத்தில் இருக்கும், எல்லோரும் அங்கேதான் படம் எடுப்பார்கள். நான் சொல்வது தாளிப்பனைகளை. பல பத்தாண்டு வளர்ந்து ஒரே ஒரு தடவை பூத்துச் சாகும் மரம். வாசலில் வழிகாட்டி ஒருவரைக் கூட வைத்துக்கொண்டால் இலைகளைக் கசக்கி முகரக் கொடுப்பார்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் போ பிளான் பழைய சர்க்கரை ஆலை. 1999இல் அரைவையை நிறுத்தி, 2002இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். எந்திரங்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். கரும்பு, அடிமைகள், கூலிகள், முதலாளிகள் என்று தீவின் கதை முழுதும் இங்கே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் 250க்கு மேல் இருந்த ஆலைகள் இன்று விரல் விட்டு எண்ணும் அளவுதான். 1973இல் ஏழு லட்சம் டன்னைத் தாண்டிய உற்பத்தி இப்போது மூன்று லட்சத்துக்கும் கீழே. ஐரோப்பா கொடுத்துவந்த உத்தரவாத விலை 2006க்குப் பிறகு 36 சதவீதம் வெட்டப்பட்டதும் சின்ன ஆலைகளெல்லாம் மூடிப் பெரியவற்றோடு சேர்ந்தன. வழியெங்கும் வயல் நடுவே தனியாக நிற்கும் புகைபோக்கிகள் அப்படி மூடியவற்றின் மிச்சம். ஓடும் ஆலைகளோ சக்கையை எரித்து மின்சாரமும் விற்கின்றன.

கடைசியில் சர்க்கரைச் சுவைப்பு. வெளிர் பொன்னிறத்திலிருந்து கன்னங்கரேல் வரை வரிசையாக வைப்பார்கள். வெல்லம் தின்று வளர்ந்த நாக்குக்கு அந்தக் கறுப்புச் சர்க்கரை உடனே பிடித்துப்போகும்.

ஞாயிறு: ஃபிளாக்

தீவின் பெரிய திறந்தவெளிச் சந்தை. போர்ட் லூயிஸில் வண்டி மாறிப் போங்கள், எட்டரைக்குள் சேர்வது நல்லது. இது வேடிக்கைக்கான சந்தை இல்லை, குடும்பங்கள் வாரத்துக்குச் சாமான் வாங்கும் இடம். ஊறுகாய், மிளகாய்த் துவையல், உப்புக்கண்டம், பூச்செடி, சட்டை எல்லாம் ஒரே நெரிசலில். வாங்கி எடுத்துப்போக வேண்டியவற்றை இங்கே வாங்குங்கள், போர்ட் லூயிஸ் மாடியை விட மலிவு. வெட்டுக் காலமாக இருந்தால் போகும் வழியில் கரும்பு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போக வேண்டும், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் ஷமரேல். ஏழு நிற மண்ணும் உயரமான அருவியும் படத்தில் பார்த்தால் போதும் என்பது என் கருத்து. மலைச்சரிவில் காப்பியும் அன்னாசியும் விளையும் கிராமத்துக்காகவும், அங்கே யாராவது ஒரு வீட்டு உணவகத்தில் மதியச் சாப்பாட்டுக்காகவும் போகலாம். பேருந்து அபூர்வம், டாக்சிதான்.

பெட்டி கட்டும்போது

வெனிலாத் தேயிலை, கறுப்புச் சர்க்கரை, மரவள்ளி பிஸ்கட், உலர்ந்த வெனிலாக் காய் இவற்றை எடுத்துவரத் தடையில்லை. வெனிலா வாங்கும்போது காயை விரலில் சுற்றிப் பாருங்கள், ஒடியாமல் வளைந்தால் நல்ல காய். செடி, விதை, ஆந்தூரியம் கன்று வேண்டாம், சென்னையில் சிக்கல். மிளகாய்த் துவையல் பாட்டிலைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள், பெட்டிக்குள் துணியில் சுற்றி வையுங்கள். விமானம் அதிகாலையில் என்றால் கடைசி இரவுக்கு மஹேபூருக்கே திரும்பிவிடுங்கள். கத்ர் போர்னிலிருந்து அந்த நேரத்துக்குப் பேருந்து கிடையாது, டாக்சிக்காரரும் அது தெரிந்துதான் விலை சொல்வார்.